மகஜரும் ஐந்து இடைவெளியும்

இறக்கக்கண்டிக் கரையின் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கப்பட வேண்டிய மகஜர் ஒன்று, பதினொரு பக்கங்களில், அறுபத்துநான்கு பந்திகளில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று பத்துக்கு இனிதே நிறைவெய்தியது என்பதைச் சம்பந்தப்பட்ட, சம்பந்தப்படாத சகலருக்கும் இத்தால் அறியத்தருகிறோம். நிறைவுசெய்தவர் ஓய்வுபெற்ற பிரதம லிகிதரும் அகில இலங்கைச் சமாதான நீதவானுமாகிய ஜனாப் ஸெய்னுதீன் அவர்கள். இடம், திருகோணமலையில் மீன்பிடித் துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில், சைக்கிள் திருத்தும் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே நெருக்குண்டு நிற்கும் ஜெசிகாவின் கொமினிகேஷன். உடனிருந்தவர்கள் கடைக்காரி ஜெசிகாவும் மனுதாரர் றம்லாவும். வாசலில் ஒரு மானும் நின்றது. அது கழிவுக் கடதாசிக்காக வந்தது; நகரத்து மான்களுக்கு மகஜர், மாதிரி வினாத்தாள் என்ற பேதம் கிடையாது.

கொமினிகேஷன் என்ற பெயர் அந்தக் கடையிலிருந்து வெளிநாட்டுக்கு ரெலிபோன் கதைத்த காலத்தில் வைத்தது. இப்போது போட்டோக்கொப்பி, லமினேற், கலியாண அழைப்பிதழ், அடையாள அட்டை விண்ணப்பம். நாற்பதைத் தொடும் ஜெசிகா இருபது வருடமாக மற்றவர்களின் கடிதங்களைப் படியெடுத்ததில், எந்த அலுவலகம் எந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவாள். யாரும் கேட்பதில்லை.

றம்லாவின் விஷயத்துக்குப் பதினொரு பக்கம் தேவையில்லை. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். இறக்கக்கண்டியில் நூறடி நீளத்துக்கு ஒரு மணல் துண்டு இருக்கிறது. அதில் பழைய வலைகளை விரித்து முப்பத்தொரு பெண்கள் கருவாடு காயப்போடுகிறார்கள். றம்லா அவர்களின் சங்கத்துக்குத் தலைவி. அந்தத் துண்டை ஒரு வருடத்துக்கு யாருக்குக் கொடுக்கலாம் என்று கரைப் பயன்பாட்டுக் கிளை அலுவலகம் விண்ணப்பம் கோரியிருந்தது. நிலாவெளிப் பக்கத்து விடுதிக்காரர் ஒருவர் அங்கே சாய்கதிரை போட ஆசைப்படுகிறாராம். கதிரை வந்தால் கருவாடு போகவேண்டும். வெள்ளைக்காரர் சூரியனில் காய்வதற்கும் நெத்தலி சூரியனில் காய்வதற்கும் மணத்தில் வித்தியாசம் உண்டு.

விண்ணப்பத்தை ஈமெயிலில், பிடிஎஃப் ஆக மட்டும், அன்று மாலை மூன்று மணிக்குள் அனுப்பவேண்டும். போன வருடம் றம்லா தன் கையால் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ‘வடிவம் ஏற்புடையதன்று’ என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. அந்த வருடம் வேறு யாருக்கும் கொடுக்கப்படாததால் பெண்கள் தப்பினார்கள். இந்த வருடம் விடுதிக்காரர் சட்டத்தரணியை வைத்து நாற்பது பக்கம் எழுதுகிறார் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். பஸ்ஸில் சொன்னால் அது கிட்டத்தட்ட அரசாங்க வர்த்தமானி அறிவித்தல்தான். றம்லா நேரே ஸெய்னுதீன் வீட்டுக்குப் போனாள்.

ஸெய்னுதீனைப் பற்றி அவரே சொன்னால்தான் முழுமையாக இருக்கும். ஆனால் நமக்கு நேரமில்லை. முப்பத்துநான்கு வருடம் அரசாங்கக் கந்தோரில் கடிதம் அடித்தவர். எண்பத்தொன்றில் தமிழ்த் தட்டெழுத்துப் பரீட்சையில் மாகாணத்தில் இரண்டாமிடம். முதலாமிடம் யாரென்று கேட்டால் காது கேட்காது. சமாதான நீதவான் முத்திரையை ஒரு சின்ன டப்பாவில் போட்டு சேட் பொக்கெற்றிலேயே வைத்திருப்பார். பிடிஎஃப் என்றால் முத்திரையை எங்கே குத்துவது என்பதுதான் அவர் கேட்ட முதற்கேள்வி.

“திரையில குத்திப்போடாதேங்கோ சேர், உடைஞ்சுபோம்” என்றாள் ஜெசிகா.

கணினியை அவர் மதித்ததில்லை. ஆனால் ஜெசிகாவின் கணினியில் அவருக்கு ஒரு மனம் வந்தது. அதிலிருந்த பெரிய கம்பனியின் எழுதும் மென்பொருள், உரிமத்தைப் புதுப்பி என்று கேட்டுக் கேட்டு ஒருநாள் பூட்டிக்கொண்டது. கம்பஸ் மாணவி ஒருத்தி இலவசமான வேறொன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் பொத்தான் இல்லை, கலர் இல்லை. வெறும் வெள்ளைத் திரை, ஒரு சின்னக் கோடு கண்சிமிட்டும். தலைப்பு வேண்டுமானால் வரியின் முன்னால் ஒரு குறி, எழுத்துத் தடிப்பாக வேண்டுமானால் இரண்டு பக்கமும் நட்சத்திரம். மிச்சத்தைப் பிடிஎஃப் ஆக்கும்போது அதுவே ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

“இது நல்ல மெஷின்” என்றார் ஸெய்னுதீன். “சோடனை இல்ல. எங்கட பழைய மெஷின் மாதிரி.”

ஆகவே பழைய மெஷினில் அடிப்பதுபோலவே மூன்று நாள் அதில் அடித்தார்.

முடிந்ததும் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, “எடுங்க” என்றார்.

ஜெசிகா பிடிஎஃப் ஆக்கினாள். திறந்தாள். பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பெட்டிகள். பெட்டிகளுக்குள் எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்னச் சதுரங்கள். குளியலறைக்கு மாபிள் பதித்த மாதிரி இருந்தது.

“என்ன மகள் இது?”

“உங்கட மகஜர்தான் சேர்.”

“நான் தமிழில அடிச்சனான்.”

“திரையில தமிழ்தான் கிடக்கு. பிடிஎஃப்பிலதான் இப்பிடி.”

“அப்ப பிடிஎஃப்புக்குத் தமிழ் தெரியாதா?”

றம்லா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொன்றே கால்.

ஜெசிகா அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். எழுத்துரு தெரிவதற்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று சாதாரண எழுத்துக்கு. அதில் தமிழ் எழுத்துரு சரியாகவே போட்டிருந்தது. மற்றது கணினிக்காரர்கள் எழுதும் நிரலுக்கு. அதில் ஏதோ ஓர் ஆங்கில எழுத்துரு. நாங்கள் நிரல் எழுதவில்லையே என்று யோசித்தாலும், பார்ப்போமே என்று அதையும் தமிழுக்கு மாற்றினாள். மறுபடி பிடிஎஃப் ஆக்கியபோது சதுரங்கள் போய் எழுத்து வந்தது. ஸெய்னுதீன் தானே திருத்தியதுபோலத் தலையாட்டினார்.

எழுத்து வந்தது, வரி மடங்கவில்லை. ஒவ்வொரு பந்தியும் ஒரே நீள வரியாக வலப்பக்கம் ஓடி, கடதாசியின் கரையில் கடலுக்குள் விழுந்தது. முதற் பந்தியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘அநாதி காலந்தொட்டு அலைகடல் தாலாட்டும் கிழக்கிலங்கையின்’.

“மிச்சம் எங்க சேர்?” என்றாள் றம்லா.

“இரிக்கி, உள்ளுக்க இரிக்கி.”

ஜெசிகா பக்கத்தைப் படுக்கை வாட்டாகத் திருப்பினாள். ‘கிழக்கிலங்கையின்’ என்பதற்குப் பக்கத்தில் ‘எழில்மிகு’ என்று ஒரு சொல் கூடியது. விஷயம் ஒன்றும் கூடவில்லை. அந்த நிரல் எழுத்துருவைச் சிறிதாக்கினாள். இன்னும் சிறிதாக்கினாள். கடைசியில் வரி முழுவதும் அடங்கியபோது பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது. வீணான அச்சுப் பிரதிகளில் மூன்றை மான் தின்று முடித்திருந்தது. அந்த மகஜரை முழுமையாக உள்வாங்கிய ஒரே ஜீவன் அதுதான்.

“இந்த எழுத்தைப் படிக்க ஒபீஸ்காரருக்குக் கண்ணாடி வாங்கிக் குடுக்கோணும் சேர்” என்றாள் ஜெசிகா.

“மகள், முப்பத்துநாலு வருஷம் நான் அடிச்ச ஒரு கடிதம் திரும்பி வரேல்ல. பிழை என்னிலயா மெஷின்லயா எண்டு நீங்களே தீர்மானியுங்க.” அவர் எழுந்தார். “லுஹருக்கு நேரமாச்சு. நான் தொழுதுட்டு வாறன். வாற நேரம் மெஷின் திருந்தியிருக்கணும்.”

அவர் தெருவைக் கடந்து பள்ளிவாசல் பக்கம் போகும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜெசி, உள்ளதைச் சொல்லு. இண்டைக்கு அனுப்ப ஏலுமா?”

“தெரியாதக்கா.”

“ஏலாட்டி சொல்லு. நான் போய் அந்தப் பொம்பிளையளுக்குச் சொல்லணும். பஸ்மியா பாவம், இப்பதான் கருவாடு காயப்போடப் புதுத் தட்டி ரெண்டு கட்டினவள்.”

“கொஞ்சம் பொறுங்கோ. சும்மா ஒருக்கா முழுக்கப் பாப்பம்.”

பிடிஎஃப்பை மெதுவாகக் கீழே உருட்டினார்கள். சாம்பல் பெட்டி, சாம்பல் பெட்டி, அநாதி காலம், சங்க காலம், சாம்பல் பெட்டி. ஆறாம் பக்கத்தின் நடுவில் றம்லா ஜெசிகாவின் கையைப் பிடித்தாள்.

“நில்லு. இது நல்லாத்தானே இரிக்கி.”

ஒரேயொரு பந்தி. பெட்டி இல்லை, வரி ஒழுங்காக மடங்கியிருந்தது, எழுத்து அளவாக இருந்தது. ‘நாங்கள் முப்பத்தொரு பேர். காலையில் வள்ளம் வந்தால் ஏழு மணிக்குள் மீனை வெட்டி உப்புப் போட்டு விரிப்போம். இந்த இடத்தில் மட்டும்தான் காற்று இரண்டு பக்கத்தாலும் வரும். வேறு இடத்தில் போட்டால் புழு வைக்கும்’ என்று தொடங்கியது.

“இது என்ர” என்றாள் றம்லா.

முதல்நாள் பஸ்ஸில் வரும்போது போனில் தட்டி வாட்ஸப்பில் அனுப்பியது அது. ஸெய்னுதீன் பிளேன்ரீ குடிக்கப் போன இடைவெளியில் ஜெசிகா அதை நடுவில் ஒட்டிவிட்டாள். திரும்பி வந்தவர் அதைப் படித்துவிட்டு, ‘நடை கொஞ்சம் சாதாரணம், பரவாயில்ல’ என்று மன்னித்திருந்தார்.

“ஏன் ஜெசி என்ர மட்டும் நல்லா வந்திரிக்கி? அவர் மாகாணத்தில ரெண்டாவது.”

ஜெசிகா எழுதும் திரைக்குப் போனாள். றம்லாவின் பந்திக்கும் அதற்கு மேலே இருந்த ஸெய்னுதீனின் பந்திக்கும் நடுவில் கண்ணை ஓட்டினாள். சொல்லில் வித்தியாசம் ஏராளம், அது மெஷினுக்குத் தெரிய நியாயமில்லை. பிறகு ஒன்று தெரிந்தது. றம்லாவின் வரி ஓரத்தை ஒட்டித் தொடங்கியது. ஸெய்னுதீனின் வரி, ஊர்ப்பெரியவர் கூட்டத்துக்கு வருவதுபோல, கொஞ்சம் தள்ளி உள்ளே நின்று தொடங்கியது.

“இவர் பந்திக்கு முன்னால ஸ்பேஸ் அடிச்சிருக்கிறார்.”

“எல்லாத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

ஜெசிகா அந்த ஒரு பந்தியின் தொடக்கத்தில் இருந்த ஐந்து இடைவெளிகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. பக்கத்து முன்னோட்டத்தில் சாம்பல் பெட்டி சட்டென்று மறைந்தது. வரி மடங்கியது. றம்லா இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள்.

உதவிப் பக்கத்தில் தேடிப் பார்த்தபோது சட்டம் சுருக்கமாகவே எழுதியிருந்தது. வரியின் முன்னால் நான்கு இடைவெளியோ கூடவோ இருந்தால் அது நிரல். நிரலில் கை வைக்கக்கூடாது, மடக்கக்கூடாது, பெட்டிக்குள் வைத்து அப்படியே காட்டவேண்டும். மெஷின் பாவம், ஸெய்னுதீனின் அறுபத்துமூன்று பந்திகளையும் தொடக்கூடாத பொருளாக மதித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தது. அவர் எழுத்துக்கு அப்படியொரு மரியாதை அதற்குமுன் எங்கும் கிடைத்ததில்லை.

“எல்லா அஞ்சு ஸ்பேஸையும் ஒரேயடியா அழிக்கலாம்” என்று ஜெசிகா தேடி மாற்றும் வசதியைத் திறந்தாள். தட்டினாள். பந்திகளில் பாதி திருந்தின, பாதி திருந்தவில்லை. கடைசிப் பக்கத்தில் முப்பத்தொரு பெண்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஸெய்னுதீன் அதில் பெயரையும் இலக்கத்தையும் இடைவெளியாலேயே தள்ளித் தள்ளி நேராக்கியிருந்தார். இப்போது ஒவ்வொருத்தியின் பெயரும் அடையாள அட்டை இலக்கத்தில் போய் மோதி ஒட்டிக்கொண்டது. றிஷானா எங்கே முடிகிறாள், இலக்கம் எங்கே தொடங்குகிறது என்று அவளின் புருசனுக்கே தெரியாது.

“பழையபடி ஆக்கு, பழையபடி ஆக்கு” என்றாள் றம்லா. ஜெசிகா ஆக்கினாள். கையால்தான் செய்யவேண்டும்.

ஒரு மணிக்கு ஸெய்னுதீன் திரும்பினார். விஷயத்தைச் சொன்னார்கள். ஜெசிகா மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் ‘உங்கட ஸ்பேஸ்தான் சேர் பிழை’ என்ற இடத்துக்கு வந்துதானே ஆகவேண்டும்.

அவர் உட்காரவில்லை.

“பந்தி தொடங்கினா அஞ்சு இடைவெளி. அது சட்டம். பரீட்சையில ஒண்டு குறைஞ்சா அரைப்புள்ளி வெட்டுவாங்க. இடைவெளி இல்லாத பந்தி, சாரன் உடுக்காம சந்தைக்குப் போற மனுசன் மாதிரி.”

“எங்கட மகஜர் இப்ப பெட்டிக்குள்ள கிடக்கு சேர்” என்றாள் றம்லா. “சாரனோட.”

“றம்லா, நீங்க மீனைப் பத்திக் கதையுங்க, நான் கேக்கிறன். இது என்ர தொழில். நாளைக்கு அந்தக் கந்தோரில ஒரு படிச்ச மனுசன் இதைத் தூக்கிப் பாத்து, ஸெய்னுதீன் பந்தி விடத் தெரியாதவன் எண்டு சொன்னா?”

“ஒரு படிச்ச மனுசனும் பாக்காம திருப்பி அனுப்பினா?”

“கொள்கைக்காக ஒரு மகஜர் தோத்தாலும்…”

“கொள்கை உங்கட. கரை எங்கட.”

 றம்லா குரலை உயர்த்தவில்லை. ஏலம் கூறும் இடத்தில் இருபது வருடம் நின்றவளுக்கு எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரியும்.

“சரி சேர். அஞ்சுதானே கொள்கை?”

“அஞ்சு.”

“ஜெசி, ரெண்டாம் பந்தியில எத்தனை எண்டு எண்ணு.”

ஜெசிகா அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாக நகர்த்தினாள். மூவரும் வாய்க்குள் எண்ணினார்கள். ஏழு. அடுத்தது ஆறு. அதற்கடுத்தது எட்டு. பத்தாவது பந்தியில் தொடங்கி ஐந்தைக் காண்பதே அரிதாயிற்று. இருபதாவதில் ஒன்பது. ஒன்பதில் ஐந்து போனாலும் நான்கு மிஞ்சும். பாதி ஏன் திருந்தவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஸெய்னுதீன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு, தானே ஒரு பந்தியை எண்ணினார். உதட்டசைவு ஐந்தில் நிற்கவில்லை.

“அந்த ஸ்பேஸ் கட்டை இறுக்கம்” என்றார் கடைசியில். “விரல் அமத்தினதும் தெரியாது, அமத்தாததும் தெரியாது.”

“ஓம் சேர், பழைய கீபோட்” என்றாள் ஜெசிகா. கீபோட் மாசியில் வாங்கியது.

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். வலக்கை விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்தார். பிறகு, “அழிக்கிற கட்டை எது?” என்றார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் எல்லாருக்கும் சௌகரியம். ஆனால் அவர் தானே அழிப்பேன் என்றார். வேறு ஆள் அழித்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடுமாம். அழிக்குமுன் ஒவ்வொரு பந்தியையும் முழுவதும் படித்தார். படித்துவிட்டு ஒருமுறை பெருமூச்சு விட்டார். பெருமூச்சு துக்கத்தால் வந்ததில்லை, ரசனையால் வந்தது. ஒன்றே முக்காலுக்கு ஒன்பது பந்தி முடிந்திருந்தது.

“சேர், இப்பிடிப் போனா பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் முடியும்” என்றாள் றம்லா. “ஒண்டு கேக்கட்டா? இந்தப் பந்தி என்ன சொல்லுது?”

“இது முகவுரை.”

“அடுத்தது?”

“முகவுரையின் தொடர்ச்சி.”

“அதுக்கடுத்தது?”

அவர் பார்த்தார். “முன்சொன்ன முகவுரையை மேலும் வலியுறுத்தும் முகமாக.”

“ஒன்பது ஸ்பேஸை அழிக்கிற நேரத்தில முழுப் பந்தியையும் அழிக்கலாம்தானே சேர். ஒரே தட்டு.”

ஜெசிகா வாசல் பக்கம் திரும்பி மானைப் பார்ப்பதுபோல நின்றாள். சிரிப்பை மறைக்க மான் நல்ல வசதி.

ஸெய்னுதீன் திரையையே பார்த்தார். அறுபத்தேழு வயதில் ஒருவர் தன் எழுத்தை முதன்முறையாகப் பிறத்தியாரின் கடிதம்போலப் படிப்பதைப் பார்ப்பது கொஞ்சம் சங்கடமான காட்சிதான். சங்க காலப் பந்தியைத் தெரிந்தார். போனது. போர்த்துக்கேயர் போனார்கள். ஒல்லாந்தர் போனார்கள். ஆங்கிலேயர் போவதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது. அதில் ஒரு நல்ல உவமை இருந்தது. உலக சமாதானம் பற்றிய இரண்டு பந்திகளை, சமாதான நீதவான் என்ற முறையில், கண்ணை மூடிக்கொண்டு அழித்தார்.

இரண்டு பத்துக்கு அவர் விரல் ஒரு பந்தியின் மேல் நின்றது. ஒன்பதாம் பக்கத்தில், கடற்காற்றின் மருத்துவ குணங்களுக்கும் நன்றியுரைக்கும் நடுவில் இருந்த பந்தி.

“இதைப் போடத்தான் வேணும்” என்றார்.

“என்ன அது?”

“தொண்ணூத்தாறில இந்தத் துண்டை மீன் காயப்போட ஒதுக்கி ஒரு கடிதம் போனது. பொம்பிளையள் சங்கத்துக்கு. நான்தான் அடிச்சனான். இலக்கமும் திகதியும் போட்டிருக்கிறன். என்ர டயரியில இரிக்கி.”

றம்லா திரைக்குக் கிட்டக் குனிந்தாள். அப்படியொரு கடிதம் இருந்ததாக உம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அலுமாரியோடு சேர்ந்து சுனாமியில் போய்விட்டது. அலுவலகத்தில் கேட்டபோதெல்லாம், இலக்கம் இல்லாமல் தேட ஏலாது என்றார்கள். இலக்கம் இவ்வளவு காலமும் பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டு டயரியில் சுகமாக இருந்திருக்கிறது.

“இதை ஏன் சேர் ஒன்பதாம் பக்கத்தில போட்டீங்க?”

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “முக்கியமான விஷயத்தை எடுத்த எடுப்பில சொல்ற வழக்கம் இல்லையே.”

ஜெசிகா அந்தப் பந்தியை வெட்டி மேலே கொண்டுபோய் ஒட்டினாள். அதற்குக் கீழே றம்லாவின் பந்தி. அதற்குக் கீழே இடத்தின் எல்லை, பெண்கள் வள்ளக்காரரோடு செய்த ஒழுங்கு, மழைக்காலத்தில் தட்டிகளை எங்கே ஒதுக்குவார்கள் என்று நாலைந்து பந்தி. அவை ஸெய்னுதீன் எழுதியவை. வேண்டாத மூட்டைகளை இறக்கியபின் நன்றாகவே இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் இடைவெளிகளைத் தட்டித் தட்டி அவரே அழித்தார். கடைசியில் பெயர்ப் பட்டியலுக்கு வந்தபோது ஜெசிகா கையைக் காட்டித் தடுத்தாள்.

“இதைத் தொடாதேங்கோ சேர். இது பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். ஆகப் பெரிய ஸ்பேஸ் போட்டு நேரா வச்சிருக்கிறீங்கள். பெட்டிக்குள்ள இருந்தா அப்பிடியே நேரா நிக்கும்.”

முன்னோட்டத்தில் முப்பத்தொரு பெயரும் முப்பத்தொரு இலக்கமும் பள்ளிக்கூட அணிவகுப்புப்போல நின்றன. ஸெய்னுதீன் அதை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் நிறம் கொஞ்சம் திரும்பியது.

“அந்த முதற் பந்தி?” என்றார் பிறகு, யாரையும் பார்க்காமல். “அநாதி காலந்தொட்டு.”

றம்லா மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தாறு.

“அது இரிக்கட்டும் சேர். ஒரு பந்திதானே. கடைசியில போடுவம்.”

“கடைசியில அநாதி காலமா?”

“நீங்கதானே சொன்னீங்க, முக்கியமான விஷயத்தைக் கடைசியிலதான் சொல்லணும் எண்டு.”

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு அந்தப் பந்தியை, ஜெசிகா சொல்லச் சொல்ல, தானே வெட்டிக் கடைசியில் ஒட்டினார்.

பிடிஎஃப் இரண்டு பக்கம். ஜெசிகா எழுத்தை வழமையான அளவுக்குக் கொண்டுவந்து, பக்கத்தை நிமிர்த்தி, ஒருமுறை அச்சடித்துக் காட்டினாள். மூவரும் ஒரு தாளையே மூன்று பக்கத்தால் பிடித்துப் படித்தார்கள். ஒரு வரியும் கடலுக்குள் விழவில்லை. இரண்டு நாற்பத்தெட்டுக்கு அனுப்பினாள். ‘கிடைக்கப்பெற்றது’ என்று உடனே ஒரு பதில் வந்தது. அது மெஷின் அனுப்பிய பதில்தான் என்றாலும் றம்லா அதையும் அச்சடித்துத் தரும்படி கேட்டு வாங்கி, மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஸெய்னுதீன் டப்பாவைத் திறந்து அந்தத் தாளில் முத்திரை ஒன்று குத்திக் கொடுத்தார். மூன்று நாளாகக் குத்த இடமில்லாமல் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மூன்று கிழமைக்குப் பிறகு அனுமதி வந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கடிதத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, அலுவலகத்துப் பழைய கோவையொன்றில் அது கண்டெடுக்கப்பட்டதாகவும், நூறடித் துண்டு மகளிர் சங்கத்துக்கு ஒரு வருடத்துக்கு அல்லாமல் ஐந்து வருடத்துக்கு வழங்கப்படுவதாகவும் எழுதியிருந்தது. இறக்கக்கண்டியில் அன்று முப்பத்தொரு பெண்களும் வேலையை அரை மணித்தியாலம் நிறுத்தினார்கள். அரை மணிக்கு மேல் நிறுத்தினால் நெத்தலி பழுதாகும்.

அனுமதிப் பத்திரத்தில் கையொப்பம் வைக்க றம்லா அலுவலகம் போனபோது ஸெய்னுதீனும் கோட் போட்டுக்கொண்டு கூடப் போனார். வழி முழுக்க, சட்டத்தரணியின் நாற்பது பக்கத்தைத் தங்கள் இரண்டு பக்கம் எப்படி மண் கவ்வச் செய்தது என்றும், சுருக்கமாக எழுதுவதே தன் ஆயுட்கால நடை என்றும் சொல்லிக்கொண்டு வந்தார். றம்லா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். கையொப்பம் முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர்த்தரப்பு விண்ணப்பம் எந்த அடிப்படையில் நிராகரிக்கப்பட்டது என்று அறிய விரும்புவதாக உத்தியோகத்தரிடம் கேட்டார்.

உத்தியோகத்தர் கோவையைப் புரட்டிப் பார்த்தார். அந்தத் துண்டுக்கு வேறு யாரும் விண்ணப்பித்திருக்கவில்லை.